வரைவும் வெளியீடும்

திட்டமிடுதல் வேறு, திட்டத்தைப் பிறர் அறியச் செய்தல் வேறு. தலைவரின் குறிப்பேட்டில் எழுதி வைத்த திட்டம் ஊர்த் திட்டமாகிவிடாது. அது கிராம சபையின் முன் வைக்கப்பட்டு ஒப்புதல் பெற்றாக வேண்டும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் காட்டும் நெறியும் இதுவே. கணிப்பொறியின் துணைகொண்டு வேலைகளை நடத்தும் இந்நாளிலும் இவ்வேறுபாடு மறையவில்லை. திட்ட மேலாண்மைக்கென அமைந்த மென்பொருள்களில் 'சேமித்தல்', 'வெளியிடுதல்' என இரு கட்டளைகள் தனித்தனியே இருப்பதன் காரணத்தை நாம் அறிந்துகொள்வது நலம்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'பிராஜக்ட் சர்வர்' என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பலர் கூடிச் செய்யும் வேலைகளை ஒரே இடத்தில் பதிந்து நடத்துவதற்கென ஏற்பட்டது இது. மேலாளர் திட்டத்தைத் திருத்திச் சேமிக்கும்போது அது வரைவாக மட்டுமே பதிவாகிறது. அவர் வெளியிட்ட பின்னரே அத்திருத்தம் பணியாளர்களின் பக்கத்தில் தோன்றும். 2007, 2010 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளில் வரைவுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனித் தரவுத்தளங்களே இருந்தன. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை ஒரே தரவுத்தளமாக இணைக்கப்பட்டன. எனினும் வரைவு வேறு, வெளியீடு வேறு என்னும் முறை மாறவில்லை.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒன்றின் அடித்தள வேலை 10ஆம் தேதி தொடங்கும் என்று திட்டம் வெளியாகியிருக்கிறது எனக் கொள்வோம். மழை பெய்து பள்ளத்தில் நீர் தேங்கிவிட்டது. மேலாளர் அத்தேதியை 15 எனத் திருத்திச் சேமிக்கிறார், வெளியிடாமல் விட்டுவிடுகிறார். அவருடைய திரையில் 15 என்று இருக்கிறது. மேற்பார்வையாளரின் திரையிலோ இன்னும் 10 என்றே நிற்கிறது. குறித்த நாளில் கலவை இயந்திரம் வந்து நிற்கும். அதன் வாடகை ஏறும். அயலூரிலிருந்து வந்த கூலியாட்கள் வேலையின்றித் திரும்புவர். வேறிடத்தில் கிடைத்திருக்கக்கூடிய ஒரு நாள் கூலியையும் அவர்கள் இழப்பர். ஒரு கட்டளையை விட்டதன் சுமை, அதை விட்டவரைக் காட்டிலும் ஏழைத் தொழிலாளியின் மீதே மிகுதியாக விழுகிறது.

அப்படியாயின் சேமித்தவுடன் தானே வெளியாகும்படி அமைத்துவிடலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். அதிலும் தீங்கு உண்டு. மேலாளர் பல வழிகளை எண்ணிப் பார்க்க வேண்டியவர். கொத்தனார் ஒருவரை இவ்வேலையிலிருந்து அவ்வேலைக்கு மாற்றினால் எத்தனை நாள் மிச்சமாகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பார். பிறகு அதைக் கைவிடவும் செய்வார். பாதி எண்ணம் யாவும் உத்தரவாக வெளியே போனால், பணியாளர் காலையில் ஓரிடத்திற்கும் மாலையில் வேறிடத்திற்கும் அலைய நேரும். சில நாட்களில் அவர்கள் திட்டத்தை நம்புவதையே விட்டுவிடுவர். எண்ணிப் பார்க்கும் உரிமையை மேலாளருக்கு அளிப்பது வரைவு. உறுதியான சொல்லைப் பணியாளருக்கு அளிப்பது வெளியீடு. இரண்டும் வேண்டுவனவே.

இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் அறிதல் வேண்டும். அது 'அடிப்படைத் திட்டம்' எனப்படும். வேலை தொடங்குமுன் நாம் ஒப்புக்கொண்ட நாட்களையும் செலவையும் மாறாமல் பதிந்து வைப்பது அது. வெளியிட்ட திட்டம் காலத்திற்கேற்ப மாறும்; அடிப்படைத் திட்டமோ, நாமே மாற்றினாலன்றி மாறாது. இம்மென்பொருளில் ஒரு திட்டத்திற்கு 11 அடிப்படைப் பதிவுகள் வரை வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு பின்தங்கினோம் என்பதை இதனோடு ஒப்பிட்டே அறிய முடியும். வெளியிட்டுவிட்டதனால் அடிப்படைத் திட்டமும் பதிவாகிவிட்டது என்று எண்ணுவது தவறாகும். அதற்குரிய கட்டளை தனியே உண்டு.

இன்னொரு செய்தி. திருத்துவதற்காகத் திட்டத்தை எடுத்தவர், வேலை முடிந்ததும் அதை மீள ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் வரையில் மற்றவர் அதைப் படிக்கலாமேயன்றித் திருத்த இயலாது. ஊராட்சிப் பதிவேட்டை ஒருவர் வீட்டிற்கு எடுத்துச் சென்றால் மற்றவர் கணக்கு எழுத முடியாமற் போவதைப் போன்றதே இது.

ஆகவே நடைமுறையில் கொள்ளத்தக்க வழி எளியது. திருத்தும்போதெல்லாம் சேமியுங்கள், உழைப்பு வீணாகாது. முடிவு செய்தபின் தேதிகளையும் ஆட்களையும் ஒருமுறை சரிபார்த்து வெளியிடுங்கள். வெளியிட்டபின், பணியாளர் ஒருவரின் பக்கத்தில் புதிய தேதி வந்துள்ளதா என்று கேட்டறியுங்கள். அலைபேசியில் அதற்கு இரண்டு நிமிடம் போதும். வாரந்தோறும் வெளியீட்டிற்கென ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டால், வேலை செய்வோரும் அந்நாளில் புதிய திட்டத்தை எதிர்பார்த்திருப்பர்.