பழைய விமானம் பறந்தே ஆக வேண்டுமா?

விமானக் கண்காட்சி தொடங்கிய காலத்தில் மக்கள் திரண்டது புதுமையைப் பார்க்க. 1929இல் கோலாலம்பூரில் பறக்கும் மன்றம் பிறந்தபோது, ஒரு விமானம் மேலேறுவதே பெரிய காட்சி. பழைய விமானங்களுக்கென்றே தனி விழா எடுப்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய வழக்கம். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டிலும், 1988 முதல் நியூசிலாந்தின் வனகாவிலும் ஸ்பிட்ஃபயரும் மஸ்டாங்கும் சீறிப் பறந்தன. அவற்றைப் போரில் ஓட்டியவர்கள் பலர் அன்று உயிரோடு இருந்தார்கள். இன்று அவர்கள் அநேகமாக இல்லை. விபத்துகளும் விழாக்களின் போக்கை மாற்றின. 2015 ஆகஸ்டில் ஷோர்ஹம் விழாவில் சாகசம் செய்த ஹாக்கர் ஹண்டர் ஜெட் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதன்பின் பிரிட்டனில் பழைய ஜெட்டுகளின் சாகசத்துக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் அமெரிக்காவின் டாலஸில் இரண்டு போர்க்கால விமானங்கள் வானில் மோதி ஆறு பேர் மாண்டார்கள். சாகசமாக இருந்த விழா இப்படித்தான் மெல்ல மெல்லச் சாட்சியமாக மாறிவருகிறது. இதை நான் இழப்பாகக் கருதவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு இந்த மாற்றத்தை மனமார ஏற்று, தரையிலேயே ஒரு நல்ல விழாவை நடத்தலாம்.

நம்மிடம் சொல்வதற்குக் கதை நிறைய இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள சுங்கை பீசிதான் 1965இல் சுபாங் திறக்கப்படும்வரை தலைநகரின் விமான நிலையம். மலாயா அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்த படையினருக்கு டகோட்டாக்கள் உணவு மூட்டைகளை இறக்கின. சில விமானங்கள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, கெரில்லாக்களைச் சரணடையச் சொல்லிக் காட்டின் மேல் குரல் கொடுத்தன. 1958 ஏப்ரலில் நம் விமானப்படைக்கு வந்த முதல் விமானம் ஒரு டுவின் பயனியர். துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு ‘லாங் ராஜாவாலி’ என்று பெயர் சூட்டினார். வாலில் மூன்று செங்குத்துத் துடுப்புகள், மடங்காத சக்கரங்கள். பார்க்க அழகில்லை என்றாலும், காட்டில் வெட்டிய குட்டையான பாதையில் இறங்கி ஏற இதைப் போன்ற விமானம்தான் வேண்டியிருந்தது. சுங்கை பீசியில் இருந்த விமானப்படை அருங்காட்சியகத்தில் டுவின் பயனியர், காரிபு, சேபர் எல்லாம் திறந்தவெளியில் வெயிலும் மழையும் வாங்கி நின்றன. 2018இல் பண்டார் மலேசியா திட்டத்துக்காக அந்த விமானப்படைத் தளமே மூடப்பட்டது.

“பறக்காத விமானம் வெறும் தகரம், பறக்கவிடாவிட்டால் கைவேலையும் அழியும்” என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1947இல் ஸ்ரீநகருக்குப் படை ஏற்றிச் சென்ற டகோட்டாக்களின் நினைவாக, இந்திய விமானப்படை ஒரு டகோட்டாவை இன்றும் பறக்கவிடுகிறது. 2011இல் பழைய இரும்பாகக் கிடந்த அதை வாங்கிப் பழுதுபார்த்துப் படையிடம் சேர்க்க 2018 ஆயிற்று. அவ்வளவு பணமும் காலமும் எல்லாராலும் ஆகாது. ஆனால் கைவேலையைக் காக்கப் பறந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் ஈஸ்ட் கிர்க்பியில் ‘ஜஸ்ட் ஜேன்’ என்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் நான்கு எஞ்சின்களையும் முடுக்கித் தரையிலேயே உருள்கிறது. கட்டணம் கட்டி மக்கள் வந்து பார்க்கிறார்கள். கைவேலைக்கு ஓர் உதாரணம்: உருளைகள் வட்டமாக அடுக்கிய வகைப் பழைய எஞ்சின் சும்மா நின்றால், எண்ணெய் கீழ் உருளைகளில் இறங்கித் தேங்கும். அப்படியே கிளப்பினால் எஞ்சின் பாழ். அதனால் முதலில் விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இந்தச் சிறு வேலையை ஒரு பழைய மெக்கானிக் செய்து காட்டினால் பக்கத்தில் நிற்கும் சிறுவனுக்குப் புரிந்துவிடும். தலைக்கு மேல் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் கடந்து போகும் விமானத்தில் அது தெரியாது.

குட்டிக்கரணம் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பது அடுத்த வாதம். கூட்டம்தான் அளவுகோலா? 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் விமானச் சாகசம் பார்க்கப் பல லட்சம் பேர் திரண்டார்கள். வெயிலும் நெரிசலுமாக முடிந்த அந்த நாளில் ஐந்து பேர் இறந்தார்கள். வானத்துச் சாகசம் பார்க்க விரும்புவோருக்கு 1991 முதல் லங்காவியின் லீமா கண்காட்சி இருக்கிறது. குடியிருப்புகள் நெருங்கிய சுபாங்கின் மேல் அறுபது வயது விமானத்தைப் புரட்டிக் காட்டுவது தேவையில்லாத ஆபத்து.

இன்னொன்று நமக்கு இன்றும் வாய்த்திருக்கிறது. அரை நூற்றாண்டு உழைத்து ஓய்ந்த நூரி ஹெலிகாப்டரை ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதன் விபத்துகளில் தோழர்களை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. டக்ஸ்ஃபோர்டில் இப்போது கிடைக்காத சாட்சிகள் இவர்கள். 2021இல் தொடங்கிய சிலாங்கூர் விமானக் கண்காட்சி சுபாங்கில் நடக்கிறது. அதன் கவனம் தொழில் நிறுவனங்கள் மீதுதான். அதில் ஒரு நாளை ஒதுக்கி, கூரையின் கீழ் ஒரு நூரியை நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து, அதில் வேலை செய்தவரை அருகில் உட்கார வைக்கலாம். விளக்கப் பலகையில் மலாய், சீனத்தோடு தமிழும் இருக்கட்டும். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வந்து, அந்தப் பெரியவரிடம் வேண்டிய மட்டும் கேள்வி கேட்க விடலாம்.