டயரைத் தடவிப் பாருங்க பாஸ்!

'மச்சி, சனிக்கிழமை ஏலகிரி. வண்டிக்கு நான் கியாரண்டி!' - ஹாஸ்டல் வராண்டாவில் இப்படி ஒரு குரல் கேட்டா என்ன பண்ணுவோம்? முன் சீட் யாருக்கு, பாட்டு யார் செலக்‌ஷன், பெட்ரோலுக்குத் தலைக்கு எவ்வளவுனு விடிய விடியப் பேசுவோம். டயரை மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். நாங்களும் பார்க்கலை.

பார்த்தது, நண்பனோட அப்பா. வருஷக்கணக்கா டாக்ஸி ஓட்டுறவர். கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி ஸ்டியரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சு வெச்சுட்டு, முன் டயரோட உள்பக்கத்தில் செல்போன் டார்ச்சை அடிச்சார். 'இங்க வாங்கடா எல்லாரும்!' வெளியில் இருந்து பார்த்தா பட்டன் எல்லாம் ஜம்முனு இருக்கிற அதே டயர், உள் ஓரத்தில் மட்டும் சுத்த மொட்டை. ஒரு இடத்தில் கம்பியே எட்டிப் பார்த்துச்சு. ஏலகிரி மலையில் 14 கொண்டை ஊசி வளைவு. அஞ்சு பேர், அந்த டயர்... அப்புறம் ஏன் பாஸ் வாயைத் திறக்கப் போறோம்?

'வாங்கி 12 ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடலைடா. இதோட ரெண்டாவது செட். ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் பார்த்துட்டுத்தான் வர்றேன்'னு அவர் தலையில் கை வெச்சார். டாக்ஸி ஓட்டுறவருக்கு ரெண்டு டயர்ங்கறது சின்னச் செலவு இல்லை, பல நாள் சவாரிக் காசு. மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இது கௌரவப் பிரச்னை ஆச்சே! ட்ரிப் கேன்சல்... துப்பறியும் படலம் ஆரம்பம்.

முதல் பாடம், தேய்ஞ்ச இடம்தான் வாக்குமூலம். ரெண்டு ஓரமும் தேய்ஞ்சு நடு மட்டும் நல்லா இருந்தா, காத்து கம்மியா ஓடியிருக்கு. நடு மட்டும் தேய்ஞ்சா காத்து ஓவர். 'எவ்வளவு காத்துண்ணே'னு டயர் கடையில் கேட்காதீங்க. பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தா, தூண் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுதான் வேதவாக்கு. டயர் மேலேயே அச்சடிச்சிருக்கிற பெரிய நம்பர், அந்த டயர் தாங்கும் அதிகபட்சம். அதைப் பார்த்து அடிச்சீங்கன்னா வண்டி தவளை மாதிரி குதிக்கும். அப்புறம், வண்டி ஓடி டயர் சூடான பிறகு அளந்தா கணக்கு தப்பும். காலையில் முதல் வேலையா அளக்கணும்.

ஒரே ஒரு ஓரம் மட்டும் தேய்ஞ்சிருந்தா, அங்கேதான் அலைன்மென்ட் உள்ளே வருது. முன்னால் நின்னு பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ஞ்சிருக்கிற கோணம் கேம்பர். மேலே இருந்து பார்த்தா, ரெண்டு முன் சக்கரமும் நம்ம கால் பெருவிரல் மாதிரி உள்பக்கம் திரும்பியிருக்கா, வெளியே விரிஞ்சிருக்கா... அது டோ. டயரைத் தின்கிறதில் டோதான் பெரிய வில்லன். கண்டுபிடிக்க மிஷின் வேண்டாம், உள்ளங்கை போதும். டயரோட மேல்பரப்பில் குறுக்குவாட்டில் ஒருமுறை அந்தப் பக்கம், ஒருமுறை இந்தப் பக்கம் தடவுங்க. ஒரு திசையில் வழவழனு போய், திரும்பும்போது ரம்பப் பல் மாதிரி உறுத்தினா, டோ சரியில்லை. (மெதுவா தடவுங்க. கம்பி வெளியே வந்த டயர்னா கை கிழியும்.)

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தா, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது கிட்டத்தட்ட 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுது. சைன் அரை டிகிரி, அவ்வளவுதான் ஃபார்முலா. சென்னையில் இருந்து மதுரைக்கு சுமார் 460 கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டா, அந்த டயர் 4 கிலோமீட்டர் தூரம் ரோட்டில் குறுக்கே தேய்க்கப்பட்டிருக்கு! ப்ளஸ் டூவில் 'இந்த சைன், காஸ் எல்லாம் எதுக்கு சார்?'னு கேட்ட பாவத்துக்கு இப்போ பதில் கிடைச்சுது.

அங்கங்கே பள்ளம் பள்ளமா, கரண்டியால் தோண்டின மாதிரி தேய்ஞ்சிருந்தா, அலைன்மென்ட்டைத் திட்டாதீங்க. ஷாக் அப்சார்பர் மண்டையைப் போட்டிருக்கலாம், வீல் பேலன்ஸ் போயிருக்கலாம். 80-ஐத் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குதா? அதுவும் பெரும்பாலும் பேலன்ஸிங் கேஸ்தான்.

வண்டி ஒரு பக்கமா இழுக்குதுனு பதறுறதுக்கு முன்னால் ரோட்டைப் பாருங்க. மழைத் தண்ணி ஓடணும்னு நம்ம ரோடுகளை நடுவில் மேடா, ஓரம் சரிவா போடுறாங்க. இடதுபுறம் ஓட்டுற நமக்கு வண்டி லேசா இடப்பக்கம் சாயறது சகஜம். சமமான, ஆளில்லாத ரோட்டில் டெஸ்ட் பண்ணுங்க. அங்கேயும் இழுத்தா, முன் டயர் ரெண்டையும் இடம் வலம் மாத்திப் போடுங்க (ஒரு திசையில் மட்டும் உருளணும்னு அம்புக்குறி போட்ட டயர்னா இந்த வித்தை கூடாது). இழுப்பும் பக்கம் மாறினா, குற்றவாளி அந்த டயரேதான். மாறலைன்னா அலைன்மென்ட், பிரேக் பக்கம் தேடுங்க.

சரி, அப்பாவோட வண்டிக்கு வருவோம். டயரைத் தடவினா ரம்பப் பல். தேய்மானம் உள் ஓரத்தில். முன் சக்கரம் வெளியே விரிஞ்சா அப்படித்தான் தேயும். ஆனா, அலைன்மென்ட் மிஷின் கொடுத்த ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டமும் பச்சை! ரெண்டு நாள் மண்டை காய்ஞ்சது. கடைசியில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன்தான் முடிச்சை அவிழ்த்தார். வண்டியை லிஃப்ட்டில் ஏத்தி, லோயர் ஆர்முக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். ஆர்ம் முன்னும் பின்னுமா ஆடுச்சு. அதைப் பிடிச்சிருக்கிற ரப்பர் புஷ் கிழிஞ்சு கூழ்.

லாஜிக் புரியுதா? மிஷினில் வண்டி அசையாம நிக்குது. அப்போ எடுத்த கோணம் கரெக்ட். ரோட்டில் இறங்கி பிரேக் அடிச்சதும், கிழிஞ்ச புஷ் இடம் கொடுக்க, சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு டோ மாறிடுது. சிட்டி டிராஃபிக்கில் ஒரு டாக்ஸி நாளைக்கு எத்தனை பிரேக் அடிக்கும்! நின்னா நல்ல பிள்ளை, ஓடினா ரவுடி. 'அலைன்மென்ட் பண்றதுக்கு முன்னாடி கீழே ஆட்டிப் பார்க்கணும் தம்பி. இப்போ யாரு பார்க்குறா? கம்ப்யூட்டரைத்தான் பார்க்குறாங்க'னு அண்ணன் சிரிச்சார். நம்ம டிபார்ட்மென்ட்டையே சொன்ன மாதிரி இருந்துச்சு.

ஆகவே, அலைன்மென்ட்டுக்குப் போனா கூச்சப்படாம மூணு விஷயம் கேளுங்க. டயரில் காத்து சரி பார்த்தீங்களா, புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் டை ராட் எண்டும் ஆட்டிப் பார்த்தீங்களா, முன்-பின் ரெண்டு ரிப்போர்ட்டும் பிரின்ட் தருவீங்களா? நம்ம ஊர் சின்ன கார்கள் பலதில் கடையில் திருகி மாத்தக்கூடியது முன் சக்கர டோ மட்டும்தான். கேம்பர் தப்பா இருந்தா எங்கேயோ ஏதோ வளைஞ்சிருக்கு, இல்லை தேய்ஞ்சிருக்குனு அர்த்தம். அதைத் தேடாம, 'ஜாக்கி வெச்சு வளைச்சு விட்டுர்றேன்'னு யாராவது சொன்னா, சாவியை வாங்கிட்டு நடையைக் கட்டுங்க.

ஏன் இவ்வளவு பில்டப்புனு கேட்கறீங்களா? டயரோட பள்ளத்துக்குள்ளே அங்கங்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும். அதுவரைக்கும் தேய்ஞ்சா பள்ளத்தோட ஆழம் 1.6 மி.மீ., டயர் ரிட்டயர். ஆனா, ஓரத்தில் மட்டும் மொட்டையாகிற டயர்ல, நடுப் பள்ளத்தில் இருக்கிற அந்த மேடு கடைசி வரைக்கும் 'ஆல் இஸ் வெல்'னு பொய் சொல்லும். எங்களை ஏமாத்தினதும் அதுதான்.

ரெண்டு புஷ் மாத்தி, அலைன்மென்ட் பண்ணி, புது டயர் போட்டு இப்போ 6,000 கிலோமீட்டர். போன வாரம் நண்பன் வீட்டுக்குப் போனேன். அப்பா ஸ்டியரிங்கை ஒடிச்சு வெச்சுட்டு, 'நீயே தடவிப் பாருடா இன்ஜினீயர்'னார். தடவினேன். ரெண்டு பக்கமும் வழவழனு போச்சு. ஏலகிரிக்குத் தேதி குறிச்சாச்சு. முன் சீட் யாருக்குங்கறதில்தான் இன்னும் சண்டை ஓடிட்டிருக்கு!