கட்டுமரப் பராமரிப்பு

கட்டுமரம் என்பது சோழமண்டலக் கரை மீனவர்கள் மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யும் கடற்கலம் ஆகும். இது துடுப்பாலும் பாயாலும் செலுத்தப்படுகிறது. இத்தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆனது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697 இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல் காணப்படுகிறது. இன்று அது உலகெங்கும் இரட்டை உடல் படகுகளைக் குறிக்கிறது.

அமைப்பு

மூன்று முதல் ஏழு தடிகள் வரை சேர்த்துக் கட்டுவது வழக்கம். அல்பீசியா போன்ற எடை குறைந்த மரங்கள் இதற்கு ஏற்றவை. முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகள் வைத்துக் கயிற்றால் இறுக்குவர். தடிகளுக்கு இடையே நீர் புகுந்து வெளியேறிவிடுவதால், அலை மேலே ஏறினாலும் கலம் நீர் நிரம்பி மூழ்காது.

அவிழ்த்து உலர்த்துதல்

கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் காயவைப்பதே முதன்மையான பராமரிப்பு ஆகும். இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். மொத்தம் அரை கன மீட்டர் கொள்ளளவுள்ள தடிகளின் எடை 200 கிலோ என்று கொள்வோம். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோ. எனவே அத்தடிகள் முழுதும் அமிழும் முன் ஏறத்தாழ 312 கிலோ சுமையைத் தாங்கும். அவை 100 கிலோ நீரை உறிஞ்சிவிட்டால் தாங்கும் சுமை 212 கிலோவாகக் குறையும். ஆள், வலை, மீன் ஆகிய எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மேலும், மரத்தைத் துளைக்கும் கடல் உயிரிகள் உலர்ந்த தடியில் வாழ முடியாது.

மீண்டும் கட்டும்போது கயிற்றில் தேய்மானம் உள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது. கடலில் கட்டு அறுந்தால் தடிகள் பிரிந்து உயிருக்கே ஆபத்து நேரும்.

பாயும் சமநிலையும்

பருத்திப் பாய்களைத் துவர்ப்புள்ள மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து உலர்த்தினர். இதனால் அவை எளிதில் இற்றுப்போகவில்லை. காற்று கலத்தைப் பக்கவாட்டில் தள்ளாதிருக்க, ஒரு பலகையை நீருக்குள் இறக்குவர். பாயில் காற்றின் விசை செயல்படும் இடத்திற்கும் நீர் எதிர்விசை தரும் இடத்திற்கும் இடையே உள்ள பொருத்தமே கலம் நேராகச் செல்வதை முடிவு செய்கிறது.

இரட்டை உடல் படகுகளில்

அமெரிக்கரான ஹோபி ஆல்ட்டர் 1960களின் இறுதியில் அறிமுகப்படுத்திய ஹோபி கேட் போன்ற சிறு பாய்மரப் படகுகளுக்கும் இவ்விதி பொருந்தும். பாய்மரம் அளவுக்கு மேல் பின்னோக்கிச் சாய்ந்தால் படகின் முகப்பு காற்றை நோக்கித் திரும்பும். முன்னோக்கி நிமிர்த்தினால் இப்போக்கு குறையும். இரு சுக்கான்களும் இணையாக இல்லாவிட்டால் வேகம் குறையும். பயணம் முடிந்ததும் நன்னீரால் கழுவி, உடல்களின் பின்புற அடைப்பைத் திறந்து உள்ளே கசிந்த நீரை வடிக்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றிவிட வேண்டும்.

இன்றைய நிலை

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகளும் வெளிப்பொருத்து இயந்திரங்களும் பெருகின. இவற்றுக்கு அன்றாடம் அவிழ்த்துக் கட்டும் வேலை இல்லை. ஆனால் எரிபொருள் செலவு உண்டு. கட்டுமரங்கள் குறையக் குறைய, தடியைத் தேர்ந்து, உலர்த்தி, கட்டும் கைத்திறனும் அருகி வருகிறது.