பழைய லாண்ட் றோவர்: பழுது தீர்த்தலும் மாற்றம் புகுத்தலும்

கருவி ஒன்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பலர். அதன் உள்ளமைப்பை அறிந்தவர் சிலர். அது பழுதுற்றவிடத்துத் தம் கையாலேயே செப்பஞ் செய்ய வல்லவர் மிகச் சிலர். இக்காலத்து மோட்டார் வண்டிகள் இம்மூன்றாம் வகையினரின் தொகையை மேலும் குறைத்துவிட்டன. முன்மூடியைத் திறந்தால் உறைகளும் கம்பிக் கற்றைகளுமே கண்ணிற் படுகின்றன. பழுது யாதென அறிவதற்கே கணினி ஒன்று வேண்டியிருக்கின்றது. ஆயினும், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயதுடைய சில வண்டிகள் இன்னும் நம் நாட்டுப் பாதைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும் கரடுமுரடான வழிகளிற் சென்றோர் பழைய லாண்ட் றோவர்களை அறியாதிருத்தல் அரிது.

இத்தகைய வண்டியைப் பெற்றவர்க்கு இரண்டு ஆசைகள் எழுவது இயல்பு. ஒன்று பழுது தீர்த்தல். மற்றது மாற்றம் புகுத்தல். மேற்போக்காக நோக்குவோர்க்கு இரண்டும் ஒரே வேலைபோலத் தோன்றும். உண்மை அதுவன்று. பழுது தீர்த்தலாவது, ஆக்கியோன் கருதிய நிலைக்கு வண்டியை மீட்டல். மாற்றம் புகுத்தலாவது, அவன் கருதாத ஒன்றை அவ்வண்டியிடம் வேண்டி நிற்றல். முன்னதை முடிக்காது பின்னதைத் தொடங்கலாகாது என்பதும், புகுத்தப்படும் மாற்றம் ஒவ்வொன்றும் புதியதொரு சுமையை வேறோர் உறுப்பின்மேல் ஏற்றும் என்பதுமே ஈண்டுக் கூற விழைவன. இவற்றை யான் நூல்களிற் கற்றதினும் பிழைசெய்து கற்றதே மிகுதி.

முதலில் இவ்வண்டியின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், இங்கிலாந்தின் றோவர் கம்பனியில் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ் என்பார், வேல்சு நாட்டு அங்கிள்சித் தீவிலிருந்த தமது நிலத்தில் அமெரிக்கப் படையினரின் ஜீப் வண்டி ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதனைப் போன்று வயலுக்கும் வீதிக்கும் உதவும் வண்டியொன்றை ஆக்கும் எண்ணம் 1947ஆம் ஆண்டில் உருப்பெற்றது. 1948ஆம் ஆண்டு ஏப்ரில் மாத இறுதியில் ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதல் லாண்ட் றோவர் உலகுக்குக் காட்டப்பட்டது. அக்காலத்து இங்கிலாந்தில் உருக்குக்குக் கடுந்தட்டுப்பாடு நிலவியது. ஆதலின் வெளியுடலின் பெரும்பகுதி அலுமினியமும் சிறிதளவு மகனீசியமுஞ் சேர்ந்த கலப்புலோகத்தாற் செய்யப்பட்டது. அடிச்சட்டம் மட்டும் உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல ஒட்டி அமைக்கப்பட்டது. 1958இல் இரண்டாம் வரிசையும் 1971இல் மூன்றாம் வரிசையும் வெளிவந்தன. மூன்றாம் வரிசையின் உற்பத்தி 1985இல் நின்றது. வரிசைகள் மாறியபோதும், தட்டையான தகடுகள், கழற்றக்கூடிய கதவுகள், திருகாணியாற் பூட்டிய உறுப்புகள் என்னும் அடிப்படை மாறவில்லை. வீட்டு முற்றத்தில் வைத்தே இதனைப் பழுதுபார்க்க முடிவதற்கு இதுவே காரணம்.

வெளியுடல் அலுமினியமாதலின் வண்டி கறள் பிடியாது என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை ஆபத்தானது. சேறும் நீரும் பெட்டி வடிவான அடிச்சட்டத்தினுள் புகுந்து தங்கும். கறள் உள்ளிருந்து வெளிநோக்கி அரித்து வரும். வெளிப்புறம் கருநிறப் பூச்சுடன் அழகாக இருக்கும்போதே உட்புறம் கடதாசிபோல் மெலிந்திருக்கக்கூடும். சிறு சுத்தியலாற் சட்டம் முழுவதையும் தட்டிப் பார்த்தல் எளிய சோதனையாகும். நல்ல உருக்கு கணீரென ஒலிக்கும். அரிக்கப்பட்டது மந்தமாக ஒலிக்கும், அன்றிச் சுத்தியலுக்கு வழிவிட்டு உடையும். மெலிந்த பகுதியின்மேல் தகடு ஒட்டுவதாற் பயனில்லை. நல்ல உருக்கு வரும்வரை வெட்டி நீக்கிய பின்னரே புதுத்தகடு பொருத்தவேண்டும். அவ்வாறு வெல்டிங் செய்யுமுன் பற்றறியின் இணைப்பைக் கழற்றுதலும், பெற்றோல் தாங்கியை அகற்றுதலும் தவறாது செய்யத்தக்கன. 88 அங்குல வண்டியில் அத்தாங்கி முன்னிருக்கையின் கீழேயே உள்ளது.

அலுமினியத்துக்கும் கேடு இல்லாமலில்லை. அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையே உப்புநீர் தங்குமாயின், அங்கு ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. இரசாயன வகுப்பிற் பயிலும் மாணவர் இதனை அறிவர். இவ்விரண்டனுள் அலுமினியமே இலத்திரன்களை எளிதில் இழப்பதாதலின், அதுவே வெண்பொடியாகி அழிகின்றது. கடற்காற்று வீசும் நம் குடாநாட்டில் இது விரைவாக நிகழும். இரு உலோகங்களும் தொடுமிடத்தில் இரப்பர்த் துண்டையோ தடித்த பூச்சையோ இடையிட்டு வைத்தல் தக்க பரிகாரம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.

அந்தப் பொறுமை என்னிடம் இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், 1960களிற் செய்யப்பட்ட 88 அங்குல லாண்ட் றோவர் ஒன்று என் மைத்துனரிடமிருந்து என் கைக்கு வந்தது. சட்டத்தைத் தட்டிப் பார்க்குமுன்னரே அகன்ற பெரிய ரயர்களை வாங்கிப் பூட்டினேன். அவை வண்டிக்கு ஒரு மிடுக்கைத் தந்தன. அதன்பின், பிறேக் சற்றுத் தளர்வாக இருக்கின்றதென்று, சில்லுகளின் பிறேக் உருளைகளைக் கழற்றி, உள்ளிருந்த இரப்பர்க் கிண்ணங்களையும் சேர்த்து மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து மீண்டும் பூட்டினேன். யாவும் பளிச்சென்றிருந்தன.

இரு கிழமைகளின் பின், மலைநாட்டில் நண்பர் ஒருவரின் இல்லத்திலிருந்து திரும்பும்போது, இறக்கமொன்றிற் பிறேக்கை மிதித்தேன். மிதி எவ்விதத் தடையுமின்றித் தரையைத் தொட்டது. பதினான்கு வயதான என் மகன் அருகில் இருந்தான். கியரைக் குறைத்துக் கைப்பிறேக்கை இழுத்து, வண்டியை மண்மேட்டோடு சாய்த்து நிறுத்தினேன். எவர்க்கும் காயமில்லை. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவன், “அப்பா, பிறேக்கை நீங்கள்தானே கழுவிப் பூட்டினீர்கள்?” என்று கேட்டான். அவ்வினாவிற்குப் பின்னரே, செய்த வேலையின் பொருளை அறியாது செய்யும் கைத்திறன் எத்துணைக் கொடியது என்பதை உணர்ந்தேன்.

நிகழ்ந்தது இதுதான். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பஸ்காலின் தத்துவத்தின்படி மிதிபிறேக் இயங்குகின்றது. அத்திரவத்தைக் கசியாது காப்பவை இரப்பர்க் கிண்ணங்கள். பிறேக் திரவத்தைத் தாங்கும் அவ்விரப்பர், மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றை உறிஞ்சிப் பருத்து, வலுவிழந்து உருக்குலையும். என் வண்டியிற் பின்சில்லொன்றின் கிண்ணம் அவ்வாறு கெட்டுத் திரவத்தைக் கசியவிட்டது. அவ்வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் திரவவழி ஒன்றே. ஓரிடத்துக் கசிவு நான்கின் பிறேக்கையும் பறித்துவிட்டது. உலோக உருளைகளைத் தூய மதுசாரத்தினாலோ புதிய பிறேக் திரவத்தினாலோ கழுவி, இரப்பர்க் கிண்ணங்களைப் புதியனவாக இடுவதே முறை. பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஆதலின் அதனையும் காலந்தோறும் மாற்றவேண்டும். முடித்தபின் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, சமதரையில் மெல்ல ஓட்டிச் சோதித்த பின்னரே வீதிக்குச் செல்லவேண்டும்.

என்னைக் காத்த கைப்பிறேக்கைப் பற்றியும் ஒரு சொல். ஏனைய பல வண்டிகளில் அது பின்சில்லுகளை நேரே பற்றும். லாண்ட் றோவரிலோ அது கியர்ப் பெட்டியின் பின்னால், பின்னச்சுக்குச் செல்லும் நெடுந்தண்டைப் பற்றுகின்றது. அத்தண்டிலிருந்து டிபறென்சல் என்னும் பற்சில்லுத் தொகுதி வழியாகவும், இரு அரைத்தண்டுகள் வழியாகவும் பிடிப்புச் சில்லுகளைச் சேர்கின்றது. டிபறென்சலின் இயல்பு யாதெனில், நெடுந்தண்டு அசையாது நிற்கும்போதும், ஒரு சில்லு முன்னோக்கிச் சுழல மற்றையது பின்னோக்கிச் சுழல இடங்கொடுத்தல். எனவே, கைப்பிறேக்கை இழுத்துவிட்டு ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கியால் உயர்த்துவோமாயின், உயர்ந்த சில்லு காற்றிற் சுழல, நிலத்திலுள்ள சில்லு உருளும். வண்டி ஜாக்கியினின்று வழுக்கி விழும். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளை இட்டபின்னரே வண்டியின் கீழே உடலை நுழைத்தல் வேண்டும்.

இதே காரணத்தால், பின் அரைத்தண்டு ஒன்று முறிந்த வண்டியிற் கைப்பிறேக் பயன்படாது. இவ்விடத்திலேதான் யான் பூட்டிய பெரிய ரயர்கள் வழக்கிற்கு வருகின்றன. 88 அங்குல வண்டிக்கு வழக்கமாக இடப்பட்ட ரயரின் விட்டம் ஏறத்தாழ 29 அங்குலம். நீண்ட 109 அங்குல வண்டிக்குரியது ஏறத்தாழ 32 அங்குலம். பெரியதைச் சிறிய வண்டியிற் பூட்டினால், விசையை ஆரையாற் பெருக்கிவரும் முறுக்கம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கூடும். அம்முறுக்கத்தைச் சுமப்பவை அரைத்தண்டுகள். பழைய லாண்ட் றோவரில் முறிவதற்குப் பெயர்பெற்ற உறுப்பும் அதுவே. அன்றியும், அதே பிறேக் இப்போது பெரிய சில்லை நிறுத்தவேண்டியிருப்பதால் அதன் வலு குறையும். வேகமானியும் உண்மையிற் குறைந்த வேகத்தையே காட்டும். அன்று இறக்கத்தில் அரைத்தண்டும் முறிந்திருப்பின் இக்கட்டுரையை எழுத யான் இருந்திருப்பேனோ, அறியேன். ரயரை மாற்றினேன் என்றே எண்ணினேன்; உண்மையில் அரைத்தண்டையும் மிதிபிறேக்கையும் கைப்பிறேக்கையும் சேர்த்தே மாற்றியிருந்தேன்.

பிற மாற்றங்களும் இத்தகையனவே. முன்சில்லுகளை வேண்டும்போது அச்சினின்று விடுவிக்கும் பூட்டுகளைப் பலர் பொருத்துவர். அவற்றால் முன்னச்சின் தேய்வும் இரைச்சலும் குறையும். ஆனால் முன்னச்சு சுழலாதபோது, சில்லைத் திருப்பும் மூட்டின் மேற்பகுதிக்கு எண்ணெய் ஏறுவதில்லை. ஆதலின் இடையிடையே பூட்டுகளை இணைத்துச் சிறிது தூரம் ஓட்டுதல் அவசியம். மற்றொன்று, பழைய டைனமோவை நீக்கி ஆள்ட்டனேற்றர் பொருத்துதல். 1960களின் பிற்பகுதிவரை வந்த வண்டிகளிற் பற்றறியின் நேர்முனையே சட்டத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. இக்கால ஆள்ட்டனேற்றர்களோ பெரும்பாலும் மறைமுனை இணைப்பை வேண்டுவன. முனைகளை மாற்றாது பொருத்தினால் அதனுள்ளிருக்கும் இருவாயிகள் கணத்திற் கருகும். முனைகளை மாற்றிய பின்னரும், மிகுந்த மின்னோட்டத்தைப் பழைய கம்பிகள் தாங்குமோ என்பதை நோக்கல் வேண்டும்.

இதனால் மாற்றமே கூடாதென்பது என் கருத்தன்று. வண்டியை அருங்காட்சிப் பொருளாக்கி நிறுத்துவதினும், தக்க மாற்றத்துடன் ஓடச் செய்தல் நன்றேயாம். இருக்கைப் பட்டி பூட்டுதலும், ஒற்றைத் திரவவழியை இரட்டை வழியாக்குதலும் உயிரைக் காக்கும் மாற்றங்கள். எனினும் இரண்டாவதனை அனுபவமிக்கவரின் மேற்பார்வையிலேயே செய்யவேண்டும். எதனைச் செய்யினும் மூன்று வினாக்களைத் தன்னைத்தானே கேட்டல் நலம். இதற்குமுன் தீர்க்கவேண்டிய பழுது எஞ்சியுள்ளதா? இம்மாற்றத்தின் சுமை எவ்வுறுப்பின்மேல் விழும்? பிழையென்று கண்டால் பழைய நிலைக்கு மீள முடியுமா? இவற்றுக்கு விடை கண்டபின், செய்ததை ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி வைத்தல் வேண்டும். இன்று நன்கு நினைவிலிருக்கும் கம்பியின் போக்கு, மூன்றாண்டு கழிந்தபின் நமக்கே புதிராகிவிடும்.

என் வண்டி இப்போது தனக்குரிய சிறிய ரயர்களில் ஓடுகின்றது. மிடுக்குச் சற்றுக் குறைவுதான். சென்ற விடுமுறையில் என் மகனும் யானும் பிறேக் உருளைகளை மீண்டும் கழற்றினோம். யான் கழுவுந் திரவத்தை எடுத்தபோது, அவன் அப்போத்தலை வாங்கி, ஒட்டியிருந்த சீட்டை முழுவதும் வாசித்த பின்னரே என்னிடம் தந்தான்.