மஞ்சப்பை, பூந்திக்கொட்டை, தூக்கு.. வீட்டுல எதை மாத்தினா லாபம்? எதை மாத்தவே வேண்டாம்?

வெம்பாக்கம், ஆரணி பக்கம் பட்டு நெய்யும் வீடுகளில் ஒரு விநோதம் பார்க்கலாம். தறியில் இருப்பது பல ஆயிரம் ரூபாய் பட்டு. அதே வீட்டுக்கு கடையிலிருந்து டீ வருவது பாலித்தீன் கவரில்! சுடச்சுட டீயை கவரில் கட்டி, ரப்பர் பேண்டு போட்டு, கூடவே 4 பேப்பர் கப். குடிச்சு முடிச்சதும் அந்தக் கவர் எங்கே போகுது? தெருமுனை குப்பையில் எரியும், இல்லேன்னா ஏரிக்கால்வாயில் மிதக்கும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கு. கேரி பேக், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா மட்டுமில்ல, பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் வருது. தடை இருந்தும் பொருள் கைக்கு வந்துட்டேதான் இருக்கு. அப்போ நம்ம பக்கம் என்ன மாத்தலாம்?

பேப்பர் கப் பேப்பர் இல்லையா?

முழுசா இல்லை. டீ ஊறி ஒழுகாம இருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பாங்க. 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் இந்தக் கப்பில் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கும் என்று 2020-ல் ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள் கண்டறிந்தாங்க. இதுக்கு மாற்று புதுசா எதுவும் வாங்க வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் எவர்சில்வர் தூக்கு போதும். ஹோட்டலில் சாம்பார் வாங்கவும் அதே தூக்குதான். கடைக்காரர் முதல் நாள் ஒரு மாதிரி பார்ப்பார். ரெண்டாவது வாரம் அவரே கேட்டு வாங்கி ஊத்துவார்.

எல்லா துணிப்பையும் துணிப்பையா?

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டா மஞ்சப்பை தரும் மெஷினும் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா ஜவுளிக்கடை, நகைக்கடையில் கொடுக்கும் வழவழ பை பலதும் துணியே கிடையாது. அது 'நான்-ஓவன்' பை, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓரத்தைப் பிரிச்சுப் பாருங்க, நூல் வராது; பஞ்சு மாதிரி பிய்ஞ்சு வரும். பாவும் ஊடையும் இல்லாதது துணியா என்று நெசவு வீட்டுக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இதுவும் தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் இருக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கு. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் தண்ணீர், மின்சாரம் எல்லாம் செலவாகுது. ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையைவிட பருவநிலைக்கு நல்லதாக அமைய, புது பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தணும் என்கிறது 2011-ல் வெளியான பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வு. வாரம் ரெண்டு தடவை கடைக்குப் போனா கிட்டத்தட்ட ஒன்றேகால் வருஷம்! அதனால விழாவுக்கு விழா கொடுக்கும் பைகளை வாங்கி அடுக்குறது பயனில்லை. பழைய வேட்டி, கிழிஞ்ச காட்டன் புடவையில் தைச்ச பைக்கு புதுசா பருத்தியே தேவைப்படல. அதுதான் இருக்கறதிலேயே நல்ல பை.

பட்டுப்புடவைக்கு பூந்திக்கொட்டை ஏன்?

பட்டு ஒரு புரத இழை, நம்ம முடி மாதிரி. சாதாரண சலவைத்தூளில் காரத்தன்மை அதிகம். கறை நீக்க சேர்க்கும் சில நொதிகள் புரதத்தையே உடைக்கும். கறையோட பட்டையும் சேர்த்து அரிச்சிடும். பூந்திக்கொட்டைத் தோலில் இருக்கும் சபோனின் மென்மையா நுரைத்து அழுக்கை எடுக்கும். விதையை எடுத்துட்டு தோலை ராத்திரி ஊறவச்சு, காலையில் பிசைஞ்சு வடிகட்டுங்க. சாயம் போகுதான்னு முந்தானை ஓரத்தில் முதலில் சோதிச்சுப் பாருங்க. கண்ணில் பட்டா எரியும். கரைசல் ரெண்டு மூணு நாளில் கெட்டுடும், கொஞ்சமா தயாரிங்க. புத்தம்புது கனமான ஜரிகைப் புடவைன்னா முதல் தடவை டிரை வாஷ் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

துவைச்ச புடவையை பிளாஸ்டிக் கவரில் வைக்காதீங்க. ஈரம் உள்ளேயே தங்கி ஜரிகை கறுக்கும். வெள்ளை காட்டன் துணியில் சுத்தி, சில மாசத்துக்கு ஒருமுறை மடிப்பை மாத்தி வைங்க.

பாத்திரம் தேய்க்க பீர்க்கங்காய் நாரோ தேங்காய் நாரோ போதும். கிராமத்தில் ரெண்டுமே காசில்லாம கிடைக்கும். மூங்கில் பிரஷ்ஷில் பிடி மட்டும்தான் மூங்கில், தூவி பெரும்பாலும் நைலான். பிடிச்சா வாங்குங்க, அவசியமில்லை.

நாப்கினுக்கு மாற்று?

பேசத் தயங்கும் விஷயம், ஆனா இதுதான் பெரிய குப்பை. குப்பை வண்டி தினமும் வராத ஊரில் நாப்கின் கொல்லைப்புறத்தில் எரியுது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிஞ்சு, புகை வீட்டுக்குள்ளயே வரும். கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி, பெண்களுக்கு மாதவிடாய் கப் கொடுத்து 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத கிராமமாக அறிவிக்கப்பட்டது. கப் சில நூறு ரூபாய்தான். கொதிநீரில் சுத்தம் செய்து பல வருஷம் பயன்படுத்தலாம். பழக ரெண்டு மூணு மாசம் ஆகும், உடனே சரியாகலைன்னு விட்டுடாதீங்க. துணி பேட் என்றால் வெயிலில் நல்லா காயணும். யாரும் பார்க்கக் கூடாதுன்னு வேற துணிக்கு அடியில், இருட்டு மூலையில் ஒளிச்சுக் காயவைப்பதில்தான் தொற்று வருது. கூச்சத்தைக் கொஞ்சம் விட்டு கொடியில் போடுங்க. ஐயுடி போட்டிருப்பவங்க கப்புக்கு மாறும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கோங்க.

மாத்தக் கூடாதது எது?

வீட்டில் நல்லா இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை. மளிகைச் சாமான் போட்டு வச்ச டப்பாவை எறிஞ்சுட்டு கண்ணாடி பாட்டில் ஆர்டர் பண்றது குப்பையைக் கூட்டும் வேலை. உடையும் வரை அதிலேயே பருப்பு போடுங்க. சூடானதை மட்டும் போடாதீங்க.

பால் கவருக்கு இப்போதைக்கு வீட்டளவில் மாற்று கிடையாது. ஒண்ணு செய்யலாம். நுனியை முழுசா வெட்டி எடுக்காம, ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரி கீறுங்க. வெட்டின அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. கவரைக் கழுவி காயவச்சு சேர்த்தா, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம்.