சீட்டுக் குலுக்கினால் சீட்

நெதர்லாந்துப் பள்ளிகளில் மதிப்பெண் பத்துக்குப் போடுவார்கள். எட்டு வாங்கினாலே கெட்டிக்காரப் பிள்ளை. 1990-களில் ஒரு மாணவி சராசரியாக 9.6 வாங்கினார். மருத்துவத்துக்கு விண்ணப்பித்தார்; இடமில்லை. அடுத்த ஆண்டும் இல்லை. மூன்றாம் முறையும் இல்லை. லஞ்சம், சிபாரிசு எதுவும் குறுக்கே வரவில்லை. குலுக்கலில் அவர் பெயர் விழவில்லை, அவ்வளவுதான்.

ஆமாம், குலுக்கல்தான். 1970-களின் நடுவில் தொடங்கி சுமார் நாற்பது ஆண்டுகள் அந்த நாடு வருங்கால டாக்டர்களைக் குலுக்கித்தான் எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு அல்ல. உரிய பாடங்களைப் படித்துப் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர் பெயர் மட்டுமே உள்ளே போகும். மதிப்பெண் கூடக்கூட வாய்ப்பும் கூடும். ஒருவர் கையில் ஒரு பரிசுச்சீட்டு, இன்னொருவர் கையில் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். தேறியவர் எல்லாருமே டாக்டருக்குப் படிக்கக்கூடியவர்கள்தாம், 7.2 வாங்கியவரைவிட 7.4 வாங்கியவர் நோயாளியை நன்றாகப் பார்ப்பார் என்று யார் சொல்ல முடியும்? இதுதான் அவர்கள் வாதம். எனக்கு அதில் குறை சொல்லத் தெரியவில்லை.

ஆனால் 9.6-இன் கதை நாட்டையே பேச வைத்தது. எட்டும் அதற்கு மேலும் வாங்கியவருக்கு நேரடி இடம் என்று விதி மாறியது. 2017 வாக்கில் குலுக்கலே நின்றது. தேர்வு, சுயவிவரம், ஆர்வம் என்று பல்கலைக்கழகங்களே அளந்து பார்த்து எடுக்கத் தொடங்கின. பிறகு நடந்ததை நம்மூர் ஆள் யாரும் ஊகித்துவிடுவார்: பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளும், டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் முந்தினார்கள். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, விரும்பும் பல்கலைக்கழகம் மறுபடியும் குலுக்கலாம் என்றார்கள்.

பக்கத்து ஜெர்மனி பொறுமையை அளந்தது. மருத்துவ இடங்களில் 20 சதவீதம், பள்ளி முடித்து அதிக காலம் காத்திருந்தவர்களுக்கு. காத்திருந்த காலத்தில் பலர் செவிலியராகவும் ஆம்புலன்ஸ் பணியாளராகவும் வேலை பார்த்தார்கள். வரிசை நீண்டு நீண்டு ஏழு ஆண்டுகளைத் தொட்டது. படிப்பே ஆறு ஆண்டுகள்தான்! 2017 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்த வரிசை கலைக்கப்பட்டது.

அமெரிக்காவில் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, தொண்டு என்று முழு ஆளையே பார்க்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதன் பிறப்புக் கதைதான் அவ்வளவு நன்றாக இல்லை. ஹார்வர்டில் நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே வந்த யூத மாணவர்கள் 1922-இல் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆனார்கள். அப்போதைய தலைவர் லோவலுக்கு அது பிடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் விண்ணப்பத்தில் புகைப்படமும் ‘குணநலன்’ மதிப்பீடும் சேர்ந்தன. யூதர் எண்ணிக்கை சரிந்தது. மதிப்பெண்ணை மறைக்க முடியாது, குணத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

இதற்குக் குலுக்கல் எவ்வளவோ நேர்மை. ‘அதெல்லாம் அந்த ஊரில், இங்கே கட்-ஆஃப்தான்’ என்று சொல்லப்போகிறீர்களா? நம் பொறியியல் கலந்தாய்வில் 200-க்கு ஒரே கட்-ஆஃப் வாங்கிய இருவர் வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், இப்படியே போய்ப் பிறந்த தேதி வரைக்கும். அதுவும் ஒன்றாகவே இருந்தால், கணினி முன்கூட்டியே ஒவ்வொருவருக்கும் போட்டு வைத்திருக்கும் பத்து இலக்க ரேண்டம் எண்ணை எடுப்பார்கள். யாருடையது பெரியதோ அவர் பெயர் மேலே. தமிழில் அதற்குச் சமவாய்ப்பு எண் என்று பெயர்.