குன்றுக்கு ஏது இறந்தகாலம்?

மைக்ரோசாஃப்ட் 1985-இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினிக்காக ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து, எக்செல் என்று பெயர் வைத்தது. சம்பளப் பட்டியலிலிருந்து கல்யாண மொய்க் கணக்குவரை இன்று அதில்தான். பெயரின் பூர்வீகம் ரோமாபுரி. ‘எக்ஸ்கெல்லோ’ என்ற லத்தீன் வினை. ரோமானியப் பேச்சாளர் சிசேரோ காலத்து உச்சரிப்பு அது. அவரையே அன்று கிகெரோ என்றுதான் அழைத்தார்கள்.

‘எக்ஸ்’ என்றால் வெளியே. பின்பாதி, உயரத்தைக் குறிக்கும் பழைய வேர். குன்றைச் சொல்லும் ‘கொல்லிஸ்’, தூணைச் சொல்லும் ‘கொலும்னா’ இரண்டும் அதே வேரின் கிளைகள். கூட்டத்தில் தலை உயர்ந்து தெரிவதுதான் ஆதிப்பொருள். சிறந்து விளங்குவது அதிலிருந்து பிறந்தது.

சுவாரஸ்யம் இலக்கணத்தில் இருக்கிறது. ‘அவனை விஞ்சினான்’ என்று நாம் இரண்டாம் வேற்றுமை போடுகிறோம். லத்தீனில் ‘சுபெரோ’ என்ற வினையும் அப்படித்தான். எதிரிப் படையை முறியடிப்பதற்கும் அதுவே. எக்ஸ்கெல்லோ செயப்படுபொருளை ஏற்காது. யாரைவிட என்று சொல்ல நான்காம் வேற்றுமை போதும். பல இடங்களில் அதுவும் இல்லாமல் ‘எல்லோர் நடுவிலும்’ என்று விட்டுவிடுவார்கள். வீழ்த்தப்பட்டவர் என்று வாக்கியத்தில் ஒருவருமே இல்லை. எனக்கு இந்த வினையில் பிடித்ததே இதுதான். செவ்வியல் உரைநடையில், செயல் முடிந்துவிட்டதைச் சொல்லும் இதன் இறந்தகால வடிவமும் அபூர்வம். குன்றுக்கு இறந்தகாலம் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ!

இதன் வழிவந்த பெயரடை ‘எக்செல்சுஸ்’, உயர்ந்த. கத்தோலிக்கத் திருப்பலியில் தமிழில் ‘உன்னதங்களிலே’ என்று பாடும் இடத்தில், லத்தீனில் இருப்பது இதன் வடிவமான ‘எக்செல்சிஸ்’. ‘இன்னும் உயர்ந்த’ என்றால் எக்செல்சியோர். நியூயார்க் மாநிலம் 1778-இல் அதைத் தன் சின்னத்தில் பொறித்துக்கொண்டது. 1841-இல் கவிஞர் லாங்ஃபெலோ, தன் கவிதையொன்றில் ஆல்ப்ஸ் பனியில் ஏறும் இளைஞன் ஒருவனின் கொடியில் அதை எழுதிவைத்தார். பண்டிதர்கள் விடுவார்களா? ‘மேலே, இன்னும் மேலே’ என்பதற்கு வினையடையான ‘எக்செல்சியுஸ்’ அல்லவா வரவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். ‘என் இலக்கு இன்னும் உயர்ந்தது’ என்ற முழு வாக்கியத்திலிருந்து எடுத்த சொல் அது என்றார் கவிஞர். கெட்டிக்காரத்தனமான பதில்தான், நம்பத்தான் கொஞ்சம் சிரமம்.

அமெரிக்காவில் அதே சொல் சரக்குக் கிடங்குக்கும் போய்ச் சேர்ந்தது. கண்ணாடிச் சாமான்கள் உடையாமலிருக்கப் பெட்டிக்குள் திணிக்கும் மெல்லிய மரச்சீவலுக்கு அங்கே பெயர், எக்செல்சியோர்.